கருவிலேயே பெற்ற முன்பணம்

குழந்தை பிறக்கும் முன்னரே அதற்கென நம் இல்லங்களில் நடைபெறும் ஏற்பாடுகள் பல. ஏழாம் மாதத்திலோ ஒன்பதாம் மாதத்திலோ வளைகாப்பு நடைபெறும். தாய்வீட்டிலிருந்து பலவகைச் சோறு வரும். பாட்டி பழைய வேட்டிகளைக் கிழித்து மெத்தென்ற துணிகளாக மடித்து வைப்பாள். தூளி கட்டுவதற்கு விட்டத்தில் இடம் பார்க்கப்படும். சிவகாசியைச் சுற்றிய கரிசற் சிற்றூர்களில் ஒரு காலத்தில் இவற்றோடு இன்னோர் ஏற்பாடும் இருந்தது. பேறுகாலச் செலவுக்கெனத் தீப்பெட்டித் தொழிற்சாலையின் முகவரிடம் தாய் முன்பணம் பெறுவாள். பிறக்கும் பிள்ளை ஆணாயினும் பெண்ணாயினும் நடமாடும் வயது வந்ததும் அத்தொழிற்சாலைக்கே வேலைக்கு வரவேண்டும் என்பது அதற்கு நிபந்தனை. ஸ்மிது கோத்தாரி என்ற ஆய்வாளர் சிவகாசிக் குழந்தைத் தொழிலாளரைப் பற்றி 1983ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையில், கருவில் இருக்கும்போதே பிள்ளைகள் இவ்வாறு வேலைக்குப் பதிவு செய்யப்பட்ட செய்தியைக் குறித்து வைத்திருக்கிறார்.

மருத்துவ நூல்கள் குழந்தையின் வளர்ச்சியைக் கருவறையிலிருந்து தொடங்கிப் பருவம் பருவமாக விளக்கும். இம்மாதம் அதே பாடத்தை, முன்பணத்தோடு பிறந்த அந்தப் பிள்ளையை முன்னே நிறுத்திக்கொண்டு படித்துப் பார்க்க விழைகிறோம். விடியுமுன் சிறுவர்களை அள்ளிக்கொண்டு போன பேருந்துகள் இன்று அச்சாலைகளில் இல்லை என்பது உண்மையே. ஆயினும் பட்டாசு சூழ்ந்த ஊர்களில் பிள்ளை வளர்ப்போர்க்கு அப்பாடம் இன்னும் முடிந்துவிடவில்லை. அதனைக் காட்டும் மடல் ஒன்றும் நமக்கு வந்திருக்கிறது. அதனைப் பின்னர்க் காண்போம்.

கருத்தரித்த நான்கு கிழமைகளுக்குள், அதாவது தான் கருவுற்றிருப்பதைத் தாய் உறுதியாக அறிந்துகொள்ளும் முன்னரே, பிற்காலத்தில் மூளையும் தண்டுவடமும் ஆகவேண்டிய நரம்புக்குழாய் மூடிக்கொள்கிறது. ஃபோலிக் அமில மாத்திரையைக் கருத்தரிக்கும் முன்பே தொடங்குதல் நன்று என்று மருத்துவர் கூறுவது இதன்பொருட்டே. எட்டாம் கிழமை முடிவதற்குள் துடுப்புப்போல் இருந்த கை பிரிந்து ஐந்து விரல்களும் தனித்தனியே தோன்றிவிடுகின்றன. மூன்றாம் மாதத்தில் விரல் நுனியில் ரேகை அமையத் தொடங்கி, ஐந்தாம் மாதத்திற்குள் ஏறத்தாழ முடிந்துவிடுகிறது. அந்த ரேகை ஆயுள் முழுவதும் மாறுவதில்லை. இரட்டைப் பிள்ளைகளுக்குக்கூட ஒன்றாய் இருப்பதில்லை. எழுதப் படிக்க அறியாத தாய் முன்பணத்துக்குக் கைந்நாட்டு வைத்தபோது, அவள் வயிற்றினுள்ளே அப்பிள்ளைக்குத் தனக்கே உரிய கைந்நாட்டு உருவாகிக்கொண்டிருந்தது.

ஆறாம் மாதமளவில் கரு ஒலி கேட்கத் தொடங்கும். பிறந்த சில நாட்களுக்குள்ளேயே பிற பெண்களின் குரலினின்று தாயின் குரலைக் குழந்தை வேறுபடுத்தி அறிகிறது என்றால், அக்குரலை அது உள்ளிருந்தே பழகியிருக்கிறது என்பது தெளிவு. கடைசி மூன்று மாதங்களில் குழந்தை தாயிடமிருந்து இரும்புச் சத்தைப் பெற்றுத் தன் உடலில் சேமித்துக்கொள்கிறது. பிறந்தபின் முதல் ஆறு மாதங்களுக்கு அந்தச் சேமிப்பே பெரிதும் துணை. தாய்க்கே இரத்தசோகை இருப்பின் சேமிப்பு குறையும். எடை 2.5 கிலோவுக்குக் குறைந்து பிறக்கும் குழந்தைக்குத் தொற்றுநோய் எளிதில் வரும், வளர்ச்சியும் பிந்தக்கூடும். 'பிள்ளை பெரிதாகிவிட்டால் பிரசவம் கஷ்டம்' என்று சொல்லி, கர்ப்பிணிக்குச் சோற்றைக் குறைக்கும் பழக்கம் இன்னும் சில வீடுகளில் உண்டு. அதனை நாம் வன்மையாகக் கண்டிக்கிறோம். கிராமச் செவிலியர் தரும் இரும்புச் சத்து மாத்திரைகளைக் கூரையின் இடுக்கில் செருகிவைப்பதும் அதே போன்றதுதான்.

பட்டாசுக் கொட்டகைகளில் வேலை செய்வோரில் பெண்கள் மிகப் பலர். அங்கே தாய் தரையில் குந்தியிருந்து நாள் முழுவதும் வேலை செய்கிறாள். அலுமினியத் தூள், கந்தகம், வெடியுப்பு ஆகியவற்றின் துகள் கையிலும் கூந்தலிலும் சேலை மடிப்பிலும் படிகிறது. பச்சை ஒளி தரும் பேரியம் உப்பை உச்ச நீதிமன்றம் 2018இல் தடை செய்தது. தடை மீறப்படுகிறது என்று 2021இல் மீண்டும் எச்சரித்தது. இத்துகள் வீட்டுக்கு வரும் வழி தாயின் உடையே. தவழும் குழந்தை தரையில் கிடப்பதையெல்லாம் வாயில் இடும் இயல்புடையது. ஈயம் போன்ற நச்சு உலோகங்களைச் சிறு குழந்தையின் குடல் பெரியவர்களுடையதைவிட நான்கைந்து மடங்கு மிகுதியாக உறிஞ்சிக்கொள்ளும் என்று உலக நலவாழ்வு நிறுவனம் கூறுகிறது. ஆகவே, வேலையிலிருந்து திரும்பும் தாய்மார் முதலில் கைகால் முகம் கழுவி, உடை மாற்றி, அதன்பின் பிள்ளையை மடியில் எடுக்கவேண்டும். வேலைச் சேலையைக் குழந்தையின் துணியோடு சேர்த்து ஊறவைக்கலாகாது. ஓடிவரும் பிள்ளையை ஒரு கணம் தள்ளி நிறுத்துவது எந்தத் தாய்க்கும் கடினந்தான். நாம் அதனை அறியாமல் எழுதவில்லை. கருவுற்ற பெண்ணோ தொழிற்சாலையில் தன் நிலையை மறைக்க வேண்டியதில்லை. ஈ.எஸ்.ஐ. காப்பீட்டில் உரிய சந்தா செலுத்தி வந்த பெண்ணுக்கு முதலிரு பேறுகளுக்கும் 26 கிழமைகள் ஊதியத்துடன் ஓய்வு பெற உரிமை உண்டு.

பிறந்தபின் நிகழும் வளர்ச்சியைக் கணக்கிட மேனாட்டார் வகுத்த அட்டவணைகள் பல உள்ளன. ஆனால் குழந்தையின் ஒவ்வோர் அசைவையும் பருவம் வகுத்துக் கண்ட புலவர் இதே விருதுநகர் மாவட்டத்து மண்ணில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே வாழ்ந்தார். திருவில்லிபுத்தூர்ப் பெரியாழ்வார் கண்ணனைக் குழந்தையாக்கிப் பாடியபோது தாலாட்டு, அம்புலி, செங்கீரை, சப்பாணி, தளர்நடை என்று வரிசைப்படுத்தினார். பிற்காலப் பிள்ளைத்தமிழ் நூல்களுக்கு அதுவே வித்து என்பர் அறிஞர். சமயம் வேறாயினும் தமிழ்த் தாய்மார் அனைவர்க்கும் உரிய செல்வம் அது. செங்கீரை என்பது ஐந்தாம் மாதமளவில் குழந்தை கவிழ்ந்து, கைகளை ஊன்றித் தலைநிமிர்த்தி ஆடுவது. இன்று மருத்துவர் கழுத்து நின்றதா, மார்பு எழும்பியதா என்று பார்ப்பதும் இதனையே. சப்பாணி என்பது ஒன்பதாம் மாதமளவில் இரு கைகளையும் சேர்த்துக் கொட்டுவது. இடக்கையும் வலக்கையும் நடுவில் வந்து சந்திக்கவேண்டுமாயின் மூளையின் இரு பாதிகளும் ஒத்துழைக்கவேண்டும், கண் அளக்கவேண்டும், முதுகு நிமிர்ந்து உட்காரவேண்டும். நம் பாட்டிமார் 'சப்பாணி கொட்டு' என்று கூறி மகிழ்ந்ததில் அத்தனை தேர்வுகளும் அடங்கியிருந்தன.

அதே மாதங்களில்தான் கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்துத் தரையில் கிடக்கும் ஒரு பருக்கைச் சோற்றைப் பொறுக்கக் குழந்தை கற்கிறது. மனிதக் கையின் திறனெல்லாம் இச்சிறு செயலில் தொடங்குகிறது எனலாம். நான்கைந்து வயதில் அதே இரு விரல்களோடு நடுவிரலும் சேர்ந்து எழுதுகோலைப் பிடிக்கும். இரண்டு வயதிற்குள் மூளை பெரியவர்களுடைய மூளையின் அளவில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கை எட்டிவிடுகிறது. இக்காலத்தில் முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், அதன்பின் பாலோடு கேழ்வரகுக் கூழ், பருப்பு, கீரை, முட்டை என்று படிப்படியாக ஊட்டுவதைப் பற்றி முன்னரே பலமுறை எழுதியிருக்கிறோம், மீண்டும் விரிக்கவில்லை.

முன்பணப் பிள்ளையின் விரல்களோ எழுதுகோலுக்கு முன் வேறொன்றைப் பிடித்தன. தீப்பெட்டிக்குப் பெட்டி ஒட்டுதல், லேபிள் ஒட்டுதல், சட்டத்தில் தீக்குச்சிகளை ஒவ்வொன்றாய் அடுக்குதல் ஆகியன சிறுவர்க்கு உரிய வேலைகள் எனக் கருதப்பட்டன. கூலியோ எண்ணிக்கைக்கு. நான்கு வயதுப் பிள்ளைகளும் அவ்வரிசையில் உட்கார்ந்திருந்ததைக் கண்டவர்கள் எழுதியுள்ளனர். சிவகாசி வட்டாரத்தில் 45,000 குழந்தைகள் வேலை செய்கின்றனர் என்ற கணக்கு 1980களில் பரவலாகக் கூறப்பட்டது. 'சிறுவரின் விரல்கள் மெலிந்தவை, விரைவானவை. பெரியவர்க்கு இவ்வேலை வராது' என்பதே இதற்குச் சொல்லப்பட்ட நியாயம். 1990இல் உச்ச நீதிமன்றம் அளித்த முதல் தீர்ப்பிலும் இவ்வாதம் இடம்பெற்றது. வெடிமருந்து வேலையில் குழந்தைகளை ஈடுபடுத்தலாகாது என்று கூறிய நீதிமன்றம், பொருள்களைத் தரம் பிரித்துச் சிப்பமிடுவதற்கு இளங்கைகள் ஏற்றவை என்று கருதி, அவ்வேலைக்கு இடமளித்தது.

இளங்கை என்பது உள்ளே எவ்வாறிருக்கிறது? மணிக்கட்டில் எட்டுச் சிற்றெலும்புகள் உள்ளன. பிறந்த குழந்தையின் மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்தால் பெரும்பாலும் அவற்றுள் ஒன்றும் தெரியாது. எட்டும் அப்போது குருத்தெலும்பாகவே இருக்கும். முதல் சில மாதங்களில் இரண்டு எலும்பாகத் தொடங்கும். பின்னர் ஒவ்வொன்றாய்த் தொடங்கி, எட்டாவது எலும்பு தோன்றுவதற்கு ஒன்பது முதல் பன்னிரண்டு வயதாகிவிடும். விரலெலும்புகளின் முனைகள் தண்டோடு இணைவதற்குப் பதின்பருவத்தின் பின்பகுதி ஆகும். தொழிற்சாலையில் பிடிபட்ட பிள்ளையின் வயதைப்பற்றி வழக்கு எழும்போது மருத்துவர் இதே எலும்புகளைப் பார்த்துத்தான் வயதை மதிப்பிடுவார். வாய் 'பதினைந்து முடிந்தது' என்று கூறும். மணிக்கட்டு வேறு கணக்குச் சொல்லும். மெலிந்த விரல் என்று புகழப்பட்டது முடிவுறாத விரலே.

விரைவு என்பதும் உண்மையன்று. கம்பளம் நெய்யும் தொழிலில் இதே வாதம் சொல்லப்பட்டபோது, பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் சார்பில் 1990களில் நம் நாட்டில் ஆராய்ந்தனர். மிக நுண்ணிய முடிச்சுகளைப் போடுவதில் குழந்தைகள் பெரியவர்களை விஞ்சவில்லை என்று கண்டனர். குழந்தையிடம் முதலாளி கண்ட சிறப்பு வேறு. அது குறைந்த கூலிக்கு வரும், எதிர்த்துப் பேசாது.

ஆறு முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஒன்பது முதல் பன்னிரண்டு மணி நேரம் உறக்கம் வேண்டும். வளர்ச்சிக்குரிய ஹார்மோன் ஆழ்ந்த உறக்கத்தில்தான் மிகுதியாகச் சுரக்கிறது. அந்நாளிலோ விடியற்காலை மூன்று மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையே பேருந்துகள் சிற்றூர்களில் வந்து நின்று பிள்ளைகளை ஏற்றிச் செல்லும். அவர்கள் வீடு திரும்ப இருட்டிவிடும். தூக்கக் கலக்கத்தோடு பிள்ளைகளைத் தாய்மாரே தூக்கி வண்டியில் ஏற்றினர். 1976இல் அத்தகைய பேருந்து ஒன்று விபத்துக்குள்ளாகிப் பல சிறுவர் சிறுமியர் மாண்டபோதுதான் நாட்டின் பார்வை இப்பக்கம் திரும்பியது. அரசு அமைத்த ஹர்பன்ஸ் சிங் குழு நிலைமையை ஆராய்ந்து அறிக்கை அளித்தது.

அதன்பின் நடந்தவற்றைச் சுருக்கமாகக் கூறலாம். 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் இயற்றப்பட்டது. 1988இல் தொடங்கிய தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டத்தின் சிறப்புப் பள்ளிகள் இவ்வட்டாரத்தில் வேலையிலிருந்து மீட்ட பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தன. 1991இல் சிவகாசிப் பட்டாசுத் தொழிற்சாலையொன்றில் நேர்ந்த பெருவிபத்தின் செய்தியை உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. எம்.சி. மேத்தா வழக்கில் 1996 டிசம்பர் 10ஆம் நாள் அளித்த தீர்ப்பில், அபாயத் தொழிலில் அமர்த்தப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்தவேண்டும். அக்குடும்பத்தில் பெரியவர் ஒருவர்க்கு அரசு வேலை தேடித்தர வேண்டும், இயலாதாயின் 5,000 ரூபாய் சேர்த்து அப்பணத்தின் வட்டி பிள்ளையின் படிப்புக்குப் போகவேண்டும் என்று ஆணையிட்டது. பிள்ளையை நிறுத்தினால் உலை எரியாது என்ற பெற்றோரின் வாதத்துக்கு நீதிமன்றம் கண்ட விடை அது. 2016இல் சட்டம் திருத்தப்பட்டு, வெடிமருந்துத் தொழில் உள்ளிட்ட அபாயத் தொழில்களில் 18 வயது நிரம்பாத எவரும் வேலை செய்யலாகாது என்றாயிற்று.

சட்டம் ஒருபுறம். சோறு பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்ததை மறக்கலாகாது. பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டுக் கடைவேலைக்குப் போன விருதுநகர்ப் பிள்ளை ஒருவர்தான் முதலமைச்சராகி 1956இல் பள்ளிகளில் மதிய உணவைத் தமிழகமெங்கும் தொடங்கினார். காமராசர் பிறந்த ஊரைச் சுற்றியே தீப்பெட்டிச் சட்டங்கள் பள்ளிகளோடு போட்டியிட்டன என்பது வரலாற்றின் முரண். 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவாக அதனை விரித்தார். 2022இல் காலை உணவும் வந்தது. கூலிக்குப் போகும் தாய் விடியலில் கஞ்சி காய்ச்ச நேரமின்றித் தவிக்கும் ஊர்களில் அதன் பயனை நாம் நேரிற் காண்கிறோம்.

உழைப்பே குழந்தைக்குத் தீது என்று நாம் கூறுவதாக எவரும் எண்ணவேண்டா. எரிக் எரிக்சன் என்ற உளநூல் அறிஞர் 1950இல் வெளியிட்ட நூலில், ஆறு முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள பருவத்தை, 'என்னாலும் ஒரு பொருளைச் செய்து முடிக்க இயலும்' என்ற உணர்வு மலரும் பருவமாகக் காட்டினார். அவ்வுணர்வு மலராவிடில் தாழ்வு மனப்பான்மை வேரூன்றும் என்றும் எச்சரித்தார். ஆட்டுக்குத் தழை ஒடித்தல், கோழியை அடைத்தல், தண்ணீர் எடுத்தல், தங்கையைப் பள்ளிக்கு அழைத்துச் செல்லுதல் ஆகியன பிள்ளையை வளர்க்கும் வேலைகள். அவற்றில் தொடக்கமும் முடிவும் உண்டு. முடித்தபின் விளையாட்டும் உண்டு. ஆயிரம் லேபிளை ஒட்டி முடித்த பிள்ளைக்கு முன்னே வைக்கப்படுவது அடுத்த ஆயிரம். அங்கே மலரும் உணர்வு வேறு.

இனி நாம் குறிப்பிட்ட மடலுக்கு வருவோம். சிவகாசியை அடுத்த சிற்றூரிலிருந்து தாய் ஒருவர் எழுதுகிறார். அவருடைய மகனுக்குப் பதினாறு வயது. பிளஸ் ஒன் தேர்வு எழுதிவிட்டு விடுமுறையில் இருக்கிறான். தெரிந்தவர் ஒருவர் ஊருக்கு வெளியே கொட்டகை போட்டு வேலை கொடுக்கிறார். கணக்குப் பார்த்தால் தாய் வாங்கும் கூலியைவிட மிகுதி. 'அவனே போகிறேன் என்கிறான். வீட்டிலேயே கொண்டுவந்து செய்யவும் கொடுப்பார்களாம். விடுமுறை முடியும் வரைதானே, அனுப்பட்டுமா?' என்று வினவுகிறார். கடன் இருப்பதையும் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்.

அம்மா, அனுப்பவேண்டா. ஏன் என்பதை விளக்குகிறோம். பதினாறு வயதில் உங்கள் மகன் உங்களைவிட உயரமாக வளர்ந்திருப்பான். மூட்டை தூக்குவான், மீசை அரும்பியிருக்கும். ஆகவே ஆள் முழுமையாகிவிட்டான் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் மூளை பின்னிருந்து முன்னாக முதிர்கிறது. ஆசை, துணிவு, நண்பர் முன்னிலையில் பெயர் வாங்கும் வேட்கை ஆகியவற்றை எழுப்பும் பகுதிகள் பதின்பருவத்தில் முழுவீச்சில் இயங்க, 'நில், எண்ணிப்பார்' என்று கடிவாளம் பிடிக்கும் முன்நெற்றிப் பகுதி இருபதுகளின் நடுவில்தான் முதிர்ச்சி அடைகிறது. தனியே இருக்கும்போது கவனமாய் இருக்கும் பையன் நண்பர் நால்வர் பார்க்கும்போது கவனம் இழக்கிறான். இது ஒழுக்கக் குறைவன்று. அந்த வயதின் அமைப்பு. கிணற்றில் மேலிருந்து குதிப்பதில் அது வெளிப்பட்டால் பெரும்பாலும் கைகால் அடிபடுவதோடு போகும். மருந்து கலக்கும் அறையில் அவ்வாறன்று. உராய்வும் சூடும் நிறைந்த கோடைப் பகலில், மருந்தை மெல்லத் தள்ளவேண்டிய கை ஒருமுறை விரைந்தால் போதும். முதலிப்பட்டியில் 2012 செப்டம்பர் 5ஆம் நாளும், அச்சங்குளத்தில் 2021 பிப்ரவரி 12ஆம் நாளும் நேர்ந்தவற்றை உங்கள் பகுதியினர்க்கு நாம் நினைவூட்ட வேண்டியதில்லை. அவை உரிமம் பெற்ற ஆலைகள். உங்களுக்குச் சொல்லப்பட்ட கொட்டகைக்கு உரிமமே இராது என்பது மடலிலிருந்தே தெரிகிறது.

வீட்டிற் செய்வது இன்னும் கொடிது. ஓர் அறையில் இத்தனை பேர், இவ்வளவு மருந்து, அறைக்கும் அறைக்கும் இவ்வளவு இடைவெளி என்ற விதிகளெல்லாம் ஆலைக்கு உண்டு. உங்கள் அடுக்களைக்கு இல்லை. 'குடும்பத் தொழில்தானே, பள்ளி நேரம் போக உதவுகிறான்' என்ற விலக்கும் இங்கே செல்லாது. சட்டம் அவ்விலக்கை அபாயமற்ற தொழிலுக்கு மட்டுமே அளித்துள்ளது.

அவனே போகிறேன் என்பதன் பொருளையும் எண்ணிப்பாருங்கள். அந்த வயதில் தன் கையில் தன் பணம் இருக்கவேண்டும் என்ற ஆசை எழும். செல்பேசி, நண்பனிடம் இருப்பது போன்ற சட்டை, இவற்றோடு தாயின் கடனைத் தானே தீர்க்கவேண்டும் என்ற ஆண்மையும் சேர்ந்திருக்கும். அதனை ஏளனம் செய்யாதீர்கள். 'நீ சின்னப் பையன்' என்று அடக்கினால் மறைவாய்ப் போவான். வீட்டு வரவு செலவை அவன் முன்னே வைத்து, கடன் எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று சொல்லி, அவனையே கணக்கு எழுதச் செய்யுங்கள். விடுமுறையில் பணம் ஈட்டியே ஆகவேண்டும் என்றால் மளிகைக்கடை, துணிக்கடை, தோட்டவேலை என்று வெடிமருந்து தீண்டாத வேலையைப் பகற்பொழுதில், பள்ளி திறக்கும் நாளைக் குறித்துக்கொண்டு தேடுங்கள். கூலி குறைவாய் இருக்கும், இருக்கட்டும்.

இவ்வூர்களில் நாம் கண்ட மற்றொன்றையும் இங்கே எழுதவேண்டும். விபத்தில் தாயையோ தந்தையையோ இழந்த வீடுகளில் பிள்ளைகளின் துயரம் வயதுக்கேற்ப வேறுபடுகிறது. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குச் சாவு என்பது திரும்பாத பயணம் என்று விளங்காது. மாலையில் வேலைவண்டி வரும் நேரத்தில் வாசலில் போய் நிற்கும். 'அப்பா வெளியூர் போயிருக்கிறார்' என்று உறவினர் சொல்லிவைப்பர். அது தவறு. காத்திருப்பை அது நீட்டிக்கும். 'இறந்துவிட்டார், இனி வரமாட்டார்' என்ற எளிய சொற்களை மடியில் வைத்துக்கொண்டு சொல்லுதலே நன்று. ஏழெட்டு வயதுப் பிள்ளை, தான் அன்று அடம்பிடித்ததால்தான் இப்படி ஆயிற்று என்று தனக்குள் எண்ணிக் குமையும், கேட்டாலன்றிச் சொல்லாது. பதின்பருவத்து மூத்த பிள்ளையோ அழாது. வந்தவர்க்கு நாற்காலி போடும், தம்பியைக் குளிப்பாட்டும், பார்ப்பவர் 'எவ்வளவு பொறுப்பு' என்று புகழ்வர். பத்து நாள் கழித்துப் புத்தகப் பையை மூலையில் வைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பும். இடிந்துபோன அதே தொழிலுக்கே! உறவினரும் அண்டை வீட்டாரும் கண் வைக்கவேண்டிய நேரம் அது. பட்டாசு விபத்தில் இறந்த தொழிலாளரின் பிள்ளைகளுடைய உயர்கல்விச் செலவை அரசே ஏற்கும் என்று 2024 நவம்பரில் விருதுநகரில் முதலமைச்சர் அறிவித்தார். அந்நிதி மாவட்ட ஆட்சியரின் பொறுப்பில் உள்ளது. துக்கவீட்டில் இத்தகவலைச் சொல்லி, மனு எழுதித் தருவது மாலை வாங்கிக்கொண்டு போவதைவிடப் பெரிய உதவி. நம் கோயில் திருவிழாக்களின் வாணவேடிக்கையும் இவ்வூர்க் கைகளிலிருந்தே வருகிறது என்பதால் இக்கடன் நமக்கும் உண்டு.

பெண்பிள்ளைகளைப் பற்றித் தனியே ஒரு சொல். பத்து முதல் பதின்மூன்று வயதிற்குள் பெண்பிள்ளை விரைந்து வளர்கிறாள். ஆண்பிள்ளைக்கு அவ்வளர்ச்சி இரண்டாண்டு பிந்தி வரும். பூப்பெய்தியபின் மாதந்தோறும் இரத்தம் இழப்பதால் இரும்புச் சத்து அவளுக்கே மிகுதியாக வேண்டும். ஆனால் முட்டையும் மீனும் அண்ணன் இலைக்கே போகின்றன. இவள்தான் பத்தாண்டு கழித்து ஒரு கருவைச் சுமக்கப் போகிறவள். தொடக்கத்தில் நாம் கூறிய இரத்தசோகை கர்ப்பத்தில் தொடங்குவதன்று. பதின்மூன்று வயதில் அவள் இலையில் தொடங்குகிறது. பள்ளியில் கிழமைக்கு ஒருமுறை தரும் இரும்புச் சத்து மாத்திரையை அவள் விழுங்குகிறாளா என்று கேளுங்கள்.

பிளஸ் டூ தேர்ச்சி விகிதத்தில் நெடுங்காலம் தமிழகத்தின் முதலிடத்தில் நின்ற மாவட்டம் விருதுநகர். தீக்குச்சி அடுக்கிய தாய்மாரின் பிள்ளைகள் பெற்ற பெயர் அது. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை பயின்று கல்லூரி சேரும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் அளிக்கும் புதுமைப் பெண் திட்டம் 2022இலும், ஆண்பிள்ளைகளுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024இலும் தொடங்கின. மடல் எழுதிய தாயின் மகன் அரசுப் பள்ளியில் பயில்வதால், பிளஸ் டூவோடு நிறுத்தாமல் கல்லூரியிலோ ஐ.டி.ஐ.யிலோ சேர்ந்தால் அவனும் அதனைப் பெறலாம். வங்கிக் கணக்கும் ஆதாரும் அவன் பெயரிலேயே சரியாக உள்ளனவா என்று இந்த விடுமுறையிலேயே பார்த்துவிடுங்கள்.

உடற்கூற்று நூல்களில் ஒரு செய்தி உண்டு. கருவில் முதன்முதலாக எலும்பாகத் தொடங்குவது தோளின் முன்னுள்ள காறை எலும்பு; தாய் கருவுற்றதை அறிந்த சில நாட்களிலேயே அது தொடங்கிவிடுகிறது. உடலில் கடைசியாக முடிவதும் அதே எலும்பின் உள்முனைதான். அதற்கு இருபத்தைந்து வயது வரையும் ஆகலாம். மகன் பதினெட்டு நிரம்பியதும் தானே முடிவெடுப்பான். வெடித்தொழிலுக்கே போவேன் என்றாலும் சட்டம் தடுக்காது. அவ்வாறாயின் உரிமம் பெற்ற ஆலைக்கு, பயிற்சி பெற்ற பின்னரே, பருத்தி உடையில் போகட்டும், ஈ.எஸ்.ஐ. எண் கிடைத்ததா என்று முதல் மாதத்திலேயே கேளுங்கள். அதுவரை, கொட்டகைக்காரர் மீண்டும் வந்து வற்புறுத்தினாலோ, முன்பணம் என்று கையில் திணித்தாலோ, 1098 என்ற எண்ணுக்குத் தொலைபேசி செய்யுங்கள். இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள்; அழைப்புக்குக் கட்டணம் இல்லை.